பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டை

படப்பிடிப்புத் துணிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசியில் நூல் கோக்கவும் காஜா எடுக்கவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களை யாரும் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. அதனால் தையலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. இந்த வேலையில் ஊசி குத்தினால் விரலில் ஒரு பொட்டு இரத்தம் வரும், அவ்வளவுதான். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் திறந்தாலும், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டாலும் ஒரு மனுஷியின் பிழைப்பே போய்விடும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பண்டாரவளை டவுனில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மலையையும் மூடுபனியையும் ரயிலையும் தேடி வெளிநாட்டுப் படக்காரர்கள் இலங்கையில் எங்கள் ஊவாப் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில், உடுப்புத் திருத்த ஆள் வேண்டும் என்று என் கடைக்கு வந்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட வேலை, முழங்கால் மடங்க மறுக்கும்வரை விடவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு டிரஸ் மாஸ்டர் முதல் நாளே என்னிடம் சொன்னார்: "திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்கள் உன்னை நம்பி உடம்பைக் காட்டுகிறார்கள். டாக்டருக்கும் கோயில் பாதருக்கும் அடுத்தபடி நீதான். அவர்களுக்காவது சம்பளம் உண்டு." அந்த மனுஷன் மகா முன்கோபி. டீயில் சீனி குறைந்தால் கத்தரிக்கோலைத் தூக்கி எறிவார். ஆனால் அவர் வாயிலிருந்து எந்த நடிகையைப் பற்றியும் ஒரு வம்பு வந்து நான் கேட்டதில்லை.

என் கடைசி வருடங்களில் வந்த ஒரு பிரெஞ்சு நடிகையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஒதீல். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக வந்திருந்தார்கள். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் படப்பிடிப்பு. கதை இதுதான்: பிரான்சிலிருந்து ஒரு பெண் தன் தகப்பன் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தைத் தேடி வருகிறாள், பல கஷ்டங்கள் படுகிறாள், கடைசியில் இங்கேயே தங்கிவிடுகிறாள். அந்தப் பெண் வேடம் ஒதீலுக்கு.

அவர் வருவதற்கு முன்பே அளவுகளை அனுப்பியிருந்தார்கள். அந்த அளவுக்கு உடுப்பெல்லாம் தயாராக இருந்தது. வந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் தொளதொளவென்று தொங்கியது. துணிப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்த பிரெஞ்சுக்காரி தோளைக் குலுக்கிவிட்டு, "மாடலாக இருந்தவள்தானே, சாப்பிட்டிருக்க மாட்டாள்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிடித்துத் தைத்தேன். தொடக்க வேலைகள் முடிந்ததும் அவள் என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் நான் பிடித்துத் தைத்த இடமும் தொளதொளத்தது.

பழைய கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்றைச் சுற்றிலும் போர்வை கட்டி உடை மாற்றும் அறையாக்கியிருந்தோம். அங்கே ஒரு காலையில் நான் அளவு நாடாவை அவர் இடுப்பில் சுற்றியபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய இங்கிலீஷும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அதனால் சுற்றி வளைத்துப் பேச இரண்டு பேருக்கும் வசதி இல்லை. வயிற்றுக்குள் கட்டி என்றார். டாக்டர்கள் வெட்டிப் பார்த்துவிட்டார்கள், மருந்தும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், இனி மருந்து நாளைத்தான் நீட்டும், ஆளைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மருந்தை நிறுத்திவிட்டு இங்கே வந்திருக்கிறார். இது டாக்டருக்குத் தெரியும், ஒதீலின் அக்காவுக்குத் தெரியும், இப்போது எனக்குத் தெரியும்.

"ஏன் மேடம்?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் படுத்திருக்க வேண்டிய உடம்பு இங்கே குளிரில் வந்து நடுங்குகிறதே என்ற கோபம்.

அவர் கதிரையில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். பதினேழு வயதில் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் படம் எடுக்கக் கேட்டானாம். அதற்குப் பிறகு பத்து வருடம் சுவரிலும் பஸ்ஸிலும் பத்திரிகையிலும் அவர் முகம்தான். அப்புறம் சினிமாவுக்கு இழுத்தார்கள். சினிமாவில் என்ன வேடம்? ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும் என்றால் சாகிற பெண். ஒரு படத்தில் ஆற்றில் மூழ்கினாராம், ஒன்றில் ஜன்னலிலிருந்து விழுந்தாராம், ஒன்றில் கல்யாண உடுப்போடு சுட்டுக் கொன்றார்களாம். அதற்கும் வாய்ப்புக் குறைந்தபோது தொலைக்காட்சி. அங்கே போலீஸ் கதைகள். தொடக்கத்திலேயே மேசையில் பிரேதமாகக் கிடப்பார், பிறகு மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"பிணமாக நடிக்க என்னை விட்டால் ஆளில்லை" என்றார் சிரித்துக்கொண்டு. "மாடல் வேலை செய்தவளுக்கு அசையாமல் இருக்கத் தெரியும். ஆனால் கதையின் முடிவு வரை உயிரோடு இருக்கிற பெண்ணாக என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. இதில்தான் கூப்பிட்டார்கள். இவள் கடைசிக் காட்சியில் மலை ஏறி நடந்து போகிறாள். நான் அந்த மலையில் நடக்க வேண்டும்."

பிள்ளைகளே, நோயைப் பற்றித் தெரிந்தால் கம்பெனிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காப்புறுதிக்காரன் பணம் தர மாட்டேன் என்று கையை விரித்துவிடுவான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதையில் அந்தப் பெண்ணையும் எங்காவது சாகடித்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கப் பாதியில் செத்த மனுஷியை இன்னொரு தடவையும் பாதியில் கொல்ல வேண்டுமா? யோசித்துப் பார்த்தேன். உடம்பு அவருடையது, மருந்து வேண்டாம் என்ற முடிவும் அவருடையது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"உங்களால நிக்க முடியுற வரைக்கும் என் வாய் மூடியிருக்கும் மேடம். நிக்க முடியலேன்னா நான் பேசுவேன். நீங்க தடுத்தாலும் பேசுவேன்" என்றேன். அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

படம் எடுக்கிறவர்கள் கதையை வரிசையாக எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் நிற்பதை இன்றைக்கு எடுப்பார்கள், கதவைத் திறந்து உள்ளே போவதை ஒரு மாதம் கழித்து எடுப்பார்கள். வாசலில் ஒரு உடம்பும் உள்ளே இன்னொரு உடம்பும் இருந்தால் ஊரே சிரிக்கும். ஆகையால் உடுப்பைச் சிறிதாக்குவதை நிறுத்தினேன். முதலில் எப்படி இருந்ததோ அப்படியே பிரித்துவிட்டு, உள்ளே போட ஒரு சட்டை தைத்தேன். மெத்தென்ற துணியில் பஞ்சு வைத்து, இடுப்பிலும் தோளிலும் மார்பிலும் போன சதையைத் துணியால் திருப்பிக் கொடுத்தேன். உடம்பு இளைக்க இளைக்க உள்பக்கம் பஞ்சு கூடியது, வெளியே உடுப்பு அப்படியே இருந்தது. குளிருக்கு என்று மற்றவர்களிடம் சொன்னேன். அப்புத்தளைக் குளிரில் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. முகத்தை மேக்கப்காரர் பார்த்துக்கொண்டார். அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அந்த நாள்களில் இருந்த மரியாதை பெரிய மரியாதை.

ஆனால் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற பெண்களின் கண்ணுக்குத் திரை கட்ட முடியுமா?

படத்தில் கொழுந்து பறிக்கிற காட்சிகளுக்குத் தோட்டத்துப் பெண்களையே கூப்பிட்டிருந்தார்கள். மற்ற நேரம் அவர்கள் பக்கத்து மலையில் வழக்கமான வேலையில் இருப்பார்கள். ஒதீல் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பதை மேலே இருந்து பார்த்திருக்கிறார்கள். பாக்கியம் என்று ஒருத்தி. உயரமானவள், பேச்சில் கெட்டிக்காரி. ஒரு நாள் மத்தியானம் வாழை இலையில் எதையோ மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, தொரசாணி அம்மா முழுகாம இருக்காங்கதானே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாலு பெத்தவ நான். காலையில வாந்தி, சோத்தப் பாத்தா மூஞ்சிய சுளிக்கிறது, இடுப்ப பிடிச்சுக்கிட்டு ஒக்காருறது. எனக்குத் தெரியாதா? நீங்க மறைக்காதீங்க. இந்தாங்க, புளிப்பா அம்பரல்லாக் காய் அச்சாறு. எங்க மாமியா போட்டது. வாய்க்கு நல்லாயிருக்கும்னு சொல்லிக் குடுங்க."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அச்சாறை வாங்கிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் புளியம்பழம் வந்தது. அதற்கடுத்து யாரோ வெல்லவாயப் பக்கம் போன சொந்தக்காரரிடம் சொல்லி மாங்காய் வரவழைத்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் இருக்கும்போது அவளுக்குக் கொடுக்காமல் எங்கள் பெண்களுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அவள் பிரான்ஸ்காரியாக இருந்தால் என்ன, பக்கத்துப் பெரகலைக்காரியாக இருந்தால் என்ன?

விஷயத்தை ஒதீலிடம் சொன்னேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்த அச்சாறில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. ஹோட்டல்காரன் செய்து அனுப்பிய சூப்பும் மீனும் வயிற்றில் தங்காது, பாக்கியத்தின் மாமியார் போட்ட அச்சாறு தங்கியது. அன்றிலிருந்து அவருக்கு அதுதான் சாப்பாடு. பெண்கள் மலையிலிருந்து பார்க்கும்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். "எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல வேடம் இதுதான்" என்பார். லயத்துக் கோயிலில் அவருக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார்கள் என்று சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. போர்வைப் பக்கம் திரும்பி நின்று அழுதார். வராத பிள்ளைக்காக எரிகிற மெழுகுதிரியை நினைத்து அன்றைக்கு நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வதந்தி டிரைவர்மார் வழியாகத் தயாரிப்பாளர் காதுக்குப் போயிற்று. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். தயாரிப்பாளர் கையால் கோப்பி கிடைத்தால் ஜாக்கிரதையாக இருங்கள். அந்தக் கோப்பி சும்மா வராது.

"அவள் கர்ப்பமா, இல்லை வேறு நோயா?" என்று கேட்டார். "நீதான் தினமும் உடுப்பு மாற்றுகிறாய். உனக்குத் தெரியாமல் இருக்காது. எதுவானாலும் எனக்குப் பெரிய கஷ்டமில்லை. கதையில் அவள் விபத்தில் செத்துவிட்டதாக ஏற்கனவே மாற்றி எழுதி வைத்திருக்கிறோம். கதாநாயகனுக்கு ஒரு போன் வரும், அவன் அழுவான், முடிந்தது. எனக்குத் தெரிய வேண்டியது நாளைக்கு எடுக்கலாமா என்பதுதான்."

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கேள்வி உங்களையும் ஒரு நாள் தேடி வரும். கர்ப்பம் என்று சொல்லலாம், அது பொய். நோய் என்று சொல்லலாம், அது காட்டிக்கொடுப்பது. தெரியாது என்று சொல்லலாம், அதைப் பச்சைப் பிள்ளையும் நம்பாது. நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "போர்வைக்கு உள்ளே நான் பார்க்கிறது என்னுடையது இல்லை சார். அதை வெளியே எடுத்து வந்தால், நாளைக்கு உங்கள் நடிகைகள் யாரும் என் முன்னால் உடுப்பைக் கழற்ற மாட்டார்கள். நீங்கள் அவரிடமே கேளுங்கள். நாளைக்கு அவர் நிற்பார், எடுக்கலாம். அதை மட்டும் நான் சொல்வேன்" என்றேன்.

"உன்னை மாற்றினால்?" என்றார்.

"மாற்றுங்கள். வருகிறவளிடமும் இதையே கேட்பீர்கள். அவளும் பதில் சொல்ல மாட்டாள்" என்றேன். அவள் சொல்லியிருக்கலாம், யார் கண்டது. ஆனால் அந்த மனுஷன் என்னை விட்டுவிட்டார். ஒதீலிடம் அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. கேட்டால் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டி வரும் என்று பயந்திருப்பார்.

அப்படியே கடைசி நாள் வரை இழுத்துப் பிடித்தோம். கடைசிக் காட்சியைக் கடைசியாகவே எடுக்க வைத்திருந்தார்கள், மூடுபனி தேவை என்பதால். அன்று காலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. டைரக்டர் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார். மறுநாள் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும்.

கொட்டகையில் நான் ஒதீலுக்கு உள்சட்டையைப் போட்டுக் கொக்கி மாட்டி, மேலே உடுப்பையும் போட்டுவிட்டேன். எழுந்திருக்கச் சொன்னேன். கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார், கால் மடிந்து மறுபடி உட்கார்ந்தார். திரும்பவும் முயன்றார். முழங்காலைக் கையால் அடித்தார். மூன்றாவது தடவை அவரை நான் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்திருப்பார்.

"கொஞ்சம் பொறு" என்றார். "வந்துவிடும். கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். வெளியே கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். பலம் வரவில்லை, அந்தக் கால்களில் ஒன்றுமே மிச்சமில்லை.

"மேடம், நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. "நீயுமா என்னைச் சாகடிக்கப் போகிறாய்?" என்றார்.

நான் போர்வையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். டைரக்டரும் தயாரிப்பாளரும் ஒன்றாக நின்றார்கள். ஒதீல் அம்மாவால் நிற்க முடியவில்லை, இனி முடியாது, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. அதற்குமேல் அவர்களுக்கும் தேவைப்படவில்லை. ஒருவன் டாக்டருக்காக அப்புத்தளைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தயாரிப்பாளர் உடனே, "அப்படியானால் மாற்றி எழுதிய அந்தப் பக்கத்தை எடுப்போம். போன் வருகிற காட்சி. கதாநாயகனைக் கூப்பிடு" என்றார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி என் வேலை இல்லை என்று திரும்பி வந்திருக்கலாம். ஆனால் டைரக்டர் அந்த மூடுபனியைப் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்தேன். அவருக்கும் மனசில்லை.

"சார், கடைசிக் காட்சியில முகம் வருதா?" என்று கேட்டேன்.

"இல்லை. முதுகுதான். மலை ஏறிப் பனிக்குள் போகிறாள்."

"அப்படின்னா அந்த உடுப்பு நடந்தா போதும்தானே? அதே உயரத்தில் எனக்கு ஒருத்தியைத் தெரியும். அந்த மலையில்தான் நிற்கிறாள்."

தயாரிப்பாளர் வாயைத் திறந்தார். டைரக்டர் அவரைக் கையமர்த்தினார். "கூட்டி வா" என்றார்.

கங்காணியிடம் கேட்டு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியத்தை இறக்கிக் கூட்டி வந்தேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரமாக இருந்தது, கை முழுக்கக் கொழுந்துக் கறை. விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ அம்மாவுக்கு வலி கண்டுருச்சா?" என்றுதான் கேட்டாள்.

கொட்டகைக்குள் போனதும் ஒதீல் உடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தர மாட்டேன் என்றார். நான் அவர் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன்.

"மேடம், நீங்கள் விபத்தில் செத்ததாகப் போன் வருகிற காட்சிக்கு அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். இப்போது இரண்டு வழிதான். நீங்கள் போனில் சாகலாம். இல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் காலால் மலை ஏறலாம். மூன்றாவது வழி இருந்திருந்தால் நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்."

ஒதீல் பாக்கியத்தை நிமிர்ந்து பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது, பனி கலைந்தால் எல்லாம் போச்சு. ஆனால் நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் கைகளை மேலே தூக்கினார், சின்னப் பிள்ளை சட்டை கழற்றத் தூக்குமே, அப்படி.

உடுப்பைக் கழற்றினேன். உள்சட்டையையும் கழற்றினேன். எலும்பும் தையல் போட்ட தழும்பும் மட்டும் இருந்த அந்த வயிற்றைப் பாக்கியம் பார்த்தாள். நாலு பெற்றவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பிள்ளை இல்லையா அக்கா?" என்றாள் மெதுவாக.

"இல்ல."

அவள் தன் தலையில் கட்டியிருந்த கம்பளித் துணியை அவிழ்த்து ஒதீலின் தோளில் போர்த்திவிட்டாள். "மாதாவே" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

உள்சட்டையைப் பாக்கியத்துக்குப் போட்டேன். இளைத்துப்போன ஒரு நோயாளியின் உடம்பை ஒட்டி, வாராவாரம் பஞ்சு கூட்டிக் கூட்டி நான் தைத்த சட்டை அது. தோட்டத்தில் வேலை செய்கிற, நோய் நொடி இல்லாத பெண்ணுக்கு எப்படியும் இறுக்கும், பிரித்துவிட வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்து வைத்திருந்தேன். கொக்கிகள் தானாகப் போய் மாட்டிக்கொண்டன. எங்கும் இறுக்கவில்லை. ஒரு ஊசிகூடத் தேவைப்படவில்லை.

ஒதீல் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதிலிருந்து மற்றவர்கள் நாடாவால் அளந்த உடம்பு அவருடையது. அளவு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"இவளுக்கும் நோயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை மேடம். நல்லாத்தான் இருக்கிறாள். தினமும் வேலைக்குப் போகிறாள்."

"பிறகு எப்படி?"

நான் கத்தரிக்கோலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

"என்னக்கா கேக்குறாங்க?" என்றாள் பாக்கியம்.

"சட்டை சரியா இருக்கான்னு கேக்குறாங்க."

"நல்லா மெத்துன்னு இருக்குன்னு சொல்லுங்க. குளிரவே இல்ல."

மேலே உடுப்பையும் போட்டுவிட்டேன், தலைமுடியை மேக்கப்காரர் பார்த்துக்கொண்டார். அவளை வெளியே கூட்டிப்போய் நடக்கவைத்தார்கள். கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டி மலை ஏறிப் பழகிய கழுத்து, பாரம் இல்லாமலும் முன்னால் குனிந்தே போனது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒதீல் கூப்பிட்டார். போர்வையை விலக்கச் சொல்லி, கதிரையில் இருந்தபடியே தோளை விரித்துக் கழுத்தை நிமிர்த்திக் காட்டினார். எழுந்து நிற்க முடியாத மனுஷி, எப்படி நடப்பது என்று உட்கார்ந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். பாதத்தை எங்கே வைக்க வேண்டும், பார்வை எங்கே போக வேண்டும், எல்லாம் கைவிரலாலேயே தன் மடியில் நடந்து காட்டினார். நான் தமிழில் சொன்னேன்.

பாக்கியம் கவனமாகக் கேட்டாள். "தலையில ஒண்ணும் இல்லேன்னு நெனச்சுக்கிட்டு நடக்கணும். அதானேக்கா?" என்றாள்.

"அதேதான்."

நடந்தாள். ஒரே தடவையில் எடுத்துவிட்டார்கள். பனிக்குள் போய் மறைகிறவரை ஒதீல் கண்ணை எடுக்கவில்லை. மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த டாக்டர் அவரை வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏறும்போது ஒதீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்விட்டேன், பார்த்தாயா?" என்றார். காட்டிக்கொடுத்ததை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் நல்ல நடிகை, உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்.

சில மாதங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். மேக்கப்காரர்தான் செய்தி அனுப்பினார். தொடர் அதற்குப் பிறகுதான் வெளியாயிற்று. அங்கே பத்திரிகையில் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்களாம். அவருடைய நடையில் ஒரு விடுதலை தெரிந்ததாம். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தேன். கடைசியில் ஓடுகிற பெயர்களில் பாக்கியத்தின் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது, அதிலும் ஒரு எழுத்தைத் தின்றுவிட்டார்கள். அவள் பெயரைப் போடச் சொல்லி எழுதினேன், பதில் வரவில்லை. நீங்களாவது படம் முடிவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள், முடிந்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாக்கியத்தையும் லயத்துப் பெண்கள் சிலரையும் கடைக்குக் கூப்பிட்டு, என் மகளின் கம்ப்யூட்டரில் அந்தக் கடைசிப் பாகத்தைப் போட்டுக் காட்டினேன். பேச்செல்லாம் பிரெஞ்சு. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தங்கள் லயமும் கோயிலும் வரும்போதெல்லாம் கூச்சல் போட்டார்கள். ஒதீல் வந்தபோது சத்தம் அடங்கியது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் மூடுபனி வந்தது, முதுகு வந்தது.

"அந்தா, நம்ம பாக்கியம்!" என்று கத்தினார்கள். "எங்கடி அது ஒன்ன மாதிரியே இல்லியே! தொரசாணிதான் போறா!"

பாக்கியம் கூச்சலில் சேரவில்லை. திரைக்கு மிக அருகில் போய் நின்றாள். தோளும் முதுகும் இடுப்பும் நிறைவாக, நிமிர்ந்து, ஒரு பெண் மலை ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"அக்கா" என்றாள், கண்ணை எடுக்காமல். "நல்லா சாப்பிட்டிருந்தா நான் இப்படித்தான் இருந்திருப்பேனா?"

கடைக்குள் எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா பாக்கியம்" என்றேன். "இப்படித்தான் இருந்திருப்ப."